மோடம் கத்துகிறது... கனெக்‌ஷன் வரவில்லை!

மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்



"ஃபைபர் வந்தாச்சு, ஃபைவ்-ஜி வந்தாச்சு, நீ இன்னும் மோடத்தைக் கட்டிக்கிட்டு அழறியேடா!" என்று என்னைக் கேலி செய்யாத ஆள் நம் டிபார்ட்மென்டில் இல்லை. கேலியில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அன்றைய விதேஷ் சஞ்சார் நிகாம் கொடுத்த அந்த இணைப்பு, டெலிபோன் லைனில் மோடம் வைத்து டயல் செய்து பெறுவதுதான். அதெல்லாம் நாம் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். கம்பெனி விடாமல் நடத்தி வந்த டயல்-அப் சேவைகூட 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டது.

பரீட்சையிலும் அதே நிலைமைதான். சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. பரீட்சை 1998-ல் ஆரம்பித்தபோது டயல் செய்து இணையும் ரவுட்டர் அதில் ஒரு முக்கியமான பாடம். 2007-ல் பாடத்திட்டம் மாறியபோது ஐ.எஸ்.டி.என். டயல் சமாசாரம் வெளியே போயிற்று. 2020 பிப்ரவரியில் வந்த புதிய பரீட்சையில் பி.பி.பி. என்ற தலைப்பே இல்லை. ஆக, நான் இங்கே எழுதப் போகிற எதற்கும் பரீட்சையில் நேரடியாக ஒரு மார்க்கூட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

பின்னே எதற்கு இந்தக் கட்டுரை என்கிறீர்களா? பரீட்சைக் கட்டணம் 300 டாலர். வரியையும் சேர்த்தால் 25,000 ரூபாய்க்கு மேல் போகிறது. ஃபெயிலானால் மறுபடியும் முழுசாகக் கட்ட வேண்டும். எங்க வீட்டில் அந்தப் பணத்துக்கு அம்மா சீட்டு எடுத்தாக வேண்டும். அப்படிக் கட்டி, கேள்வி பதில்களை மனப்பாடம் செய்து, பாஸும் பண்ணிவிட்ட ஒரு சீனியர் அண்ணனிடம் கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்ட கேள்வி இதுதான்: "இன்டர்ஃபேஸ் அப், லைன் புரோட்டோகால் டவுன்னு காட்டுது. எங்கே பார்ப்ப?" அண்ணன் விழித்தார். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. வேலை எந்தப் படி வரைக்கும் நடந்தது, எந்தப் படியில் நின்றது என்று தேடத் தெரிந்தவன்தான் பதில் சொல்ல முடியும்.

அந்தத் தேடலைப் பழக டயல்-அப்பை விட நல்ல வாத்தியார் எனக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கு ஒரு லேன் கேபிளைச் சொருகினால் எல்லாப் படிகளும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வேலை செய்யாவிட்டாலும் மௌனமாகவே இருக்கும். டயல்-அப் அப்படியில்லை. ஒவ்வொரு படிக்கும் நேரம் எடுத்துக்கொள்ளும், விளக்கு எரியும், சத்தம் போடும், திரையில் எழுதிக் காட்டும். எந்த இடத்தில் தடுக்கி விழுந்தாலும் விழுந்த சத்தம் நம் காதில் கேட்கும்.

நம் நெட்வொர்க் லேபின் ஸ்டோர் ரூமில் கண்டம் பண்ண வேண்டிய சாமான் என்று ஒதுக்கி வைத்த அலமாரியில் இரண்டு சிஸ்கோ 2501 ரவுட்டர்கள் இருக்கின்றன. மூளை என்று பார்த்தால் 20 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டரோலா 68030 சிப்தான். கூடவே வெளியில் வைக்கிற வகை மோடம் இரண்டு. லேப் சாரிடம் கேட்டபோது, "வருஷக் கடைசிக்குள்ள ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசினா பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம். இல்லேன்னா எடைக்குப் போயிடும்" என்றார். டெலிபோன் லைனுக்குக் காசு? லேபிலும் ஸ்டாஃப் ரூமிலும் இன்டர்காம் எக்ஸ்டென்ஷன் இருக்கிறதே! ஒரு எக்ஸ்டென்ஷனிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை முறை டயல் செய்தாலும் பில் வராது. நானும் என் நண்பனும் சாயந்திரங்களில் உட்கார்ந்தோம்.

முதலில் என்னென்ன நடக்க வேண்டும் என்று பார்த்துவிடுவோம். ஒரு ரவுட்டரில் எதிர்முனைக்கு 'பிங்' கொடுக்கிறோம். அந்த விலாசத்துக்குப் போகிற ரூட் தன்னிடம் இருக்கிறதா என்று ரவுட்டர் பார்க்கும். இருந்தால், இந்தப் பாக்கெட்டுக்காக போன் போடலாமா என்று யோசிக்கும். எந்தப் பாக்கெட்டுக்குப் போடலாம், எதற்குப் போடக்கூடாது என்ற பட்டியலை நாம்தான் கொடுக்க வேண்டும். அதற்கு டயலர் லிஸ்ட் என்று பெயர். பட்டியலில் இருந்தால் மோடத்துக்கு நம்பரைச் சொல்லும். மோடம் ரிசீவரை எடுத்து, டயல் டோன் கேட்டு, நம்பரைச் சுழற்றி, எதிர் மோடம் எடுத்ததும் இரண்டும் கத்திக் கத்தி ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும். அதற்கு மேல் பி.பி.பி. ஆரம்பிக்கும். முதலில் லைன் பற்றிய பேச்சுவார்த்தை, அடுத்தது "நீ யாரு?" என்ற விசாரணை, அதற்கும் அடுத்துதான் ஐ.பி. விலாசம். இத்தனையும் முடிந்த பிறகு நம் பிங் போய்ச் சேரும்.

இதில் புதிதாகச் செய்கிற எல்லாரையும் ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. ரவுட்டர் ஒரு தடவைக்கு ஐந்து பிங் அனுப்பும்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு விநாடி காத்திருக்கும். மொத்தம் பத்து விநாடி. மோடங்கள் டயல் செய்து பேசி முடிக்க அரை நிமிடம் ஆகும். ஆகவே முதல் ஐந்தும் புள்ளி புள்ளியாகத்தான் வரும். "வேலை செய்யலடா" என்று கேபிளைப் பிடுங்கப் போகிறவனைத் தடுத்து நிறுத்தி, சத்தம் அடங்கின பிறகு மறுபடி பிங் கொடுத்துப் பாருங்கள்.

எங்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. சத்தமே வரவில்லை!

சத்தம் வராவிட்டால் மேலே பார்க்காதீர்கள், கேபிளைப் பாருங்கள். 2501-ன் பின்னால் ஆக்ஸ் என்று எழுதிய ஒரு போர்ட் இருக்கிறது. கன்சோலுக்குப் பயன்படுத்தும் அதே தட்டையான ரோல்ஓவர் கேபிள்தான் அதற்கும். மறுமுனையில் 25 பின் அடாப்டரைப் போட்டு மோடத்தில் சொருக வேண்டும். வம்பே அந்த அடாப்டரில்தான். டெர்மினல் என்று எழுதியது ஒன்று, மோடம் என்று எழுதியது ஒன்று. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. டெர்மினல் அடாப்டரைப் போட்டால் ரவுட்டர் பேசுவது மோடத்தின் வாய்க்குப் போகும், காதுக்குப் போகாது. மோடம் அடாப்டரிலேயே ஒரு திருத்திய வகை இருக்கிறது. மோடத்தின் 8-ஆம் பின்னில் வருகிற 'கேரியர் வந்துவிட்டது' என்ற சிக்னலை அது ரவுட்டரின் டி.எஸ்.ஆர். பின்னுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அது இருந்தால்தான் லைன் கட்டான சேதி ரவுட்டருக்குத் தெரியும்.

கேபிள் சரியா என்று அறிய மல்டிமீட்டர் வேண்டாம். 'ஷோ லைன் 1' என்று அடித்தால் ஹார்டுவேர் நிலை என்று ஒரு வரி வரும். அதில் சி.டி.எஸ்., டி.எஸ்.ஆர்., டி.டி.ஆர்., ஆர்.டி.எஸ். என்ற நான்கு பெயரும் இருக்கும். ஏதாவது ஒன்றுக்கு முன்னால் 'நோ' என்று இருந்தால் அந்தக் கம்பியில் சிக்னல் இல்லை என்று அர்த்தம். மோடத்துக்குக் கரன்ட் கொடுத்த பிறகும் 'நோ சி.டி.எஸ்.' என்று நின்றால் கேபிளையோ அடாப்டரையோ மாற்றுங்கள். எங்கள் அலமாரியில் இருந்தவை இரண்டும் டெர்மினல் அடாப்டர்கள்! சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேலை பார்க்கும் ஒரு பழைய மாணவர் தேடிப் பிடித்து அனுப்பிய பிறகுதான் விளக்கு எரிந்தது.

அடுத்து, ரவுட்டர் வழியாகவே மோடத்தோடு நேரடியாகப் பேசுகிற ஒரு வழி இருக்கிறது. ரிவர்ஸ் டெல்நெட் என்று பெயர். ரவுட்டரின் சொந்த ஐ.பி. விலாசத்துக்கு, 2000-த்தோடு லைன் நம்பரைக் கூட்டி, அதாவது 2001 என்ற போர்ட்டுக்கு டெல்நெட் செய்தால் நாம் அடிப்பது நேராக மோடத்துக்குப் போகும். 'ஏ.டி.' என்று அடித்து என்டர் தட்டினால் மோடம் 'ஓ.கே.' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ரவுட்டர் முதல் மோடம் வரை சுத்தம். குற்றவாளி அதற்கு அப்பால். சொல்லாவிட்டால் குற்றவாளி இந்தப் பக்கம். பாதிப் பிரச்சினையை ஒரே கேள்வியில் ஒதுக்கிவிடும் இந்த ஒரு சோதனைக்காகவே நான் ரிவர்ஸ் டெல்நெட்டுக்குக் கோயில் கட்டுவேன்.

இன்னொரு விஷயம். ஏ, டி என்ற அந்த இரண்டு எழுத்துக்கள் வெறும் முன்னொட்டு இல்லை. அவை வந்து சேரும் வேகத்தைப் பார்த்துத்தான் மோடம், "ஓஹோ, இவன் என்னோடு 38,400-ல் பேசுகிறான்" என்று புரிந்துகொள்கிறது. ஆக்ஸ் போர்ட்டின் உச்ச வேகம் 2501-ல் அதுதான். ரவுட்டரில் வேகத்தை மாற்றிவிட்டு மோடத்துக்கு ஒரு ஏ.டி.கூட கொடுக்காமல் விட்டால், போன் வரும்போது மோடம் பழைய வேகத்திலேயே பேசும். திரையில் பூச்சி பூச்சியாக எழுத்து கொட்டும். வேகத்தை மாற்றினால் உடனே ரிவர்ஸ் டெல்நெட்டில் போய் ஏ.டி. கொடுத்து, மோடத்தின் நினைவில் எழுதி வைத்துவிடுங்கள்.

அப்படி எழுதி வைக்க வேண்டியவற்றில் மறக்கக்கூடாதவை மூன்று. 'ஆம்பர்சண்ட் சி1' என்றால் கேரியர் உண்மையாக இருக்கும்போது மட்டும் இருக்கிறது என்று சொல். 'ஆம்பர்சண்ட் டி2' என்றால் ரவுட்டர் டி.டி.ஆர். சிக்னலை இறக்கினால் போனை வை. 'எஸ்0 சமம் 1' என்றால் முதல் மணியிலேயே போனை எடு. கடைசியானது எதிர்முனை மோடத்துக்கு. முதல் இரண்டையும் விட்டுவிட்டால் பேச்சு முடிந்த பிறகும் லைன் திறந்தே கிடக்கும். எங்கள் இன்டர்காமில் இதனால் நஷ்டமில்லை, எஸ்.டி.டி. லைனாக இருந்தால் வீடு தாங்காது.

இப்போது ஏ.டி. கொடுத்தால் ஓ.கே. வருகிறது. டயல் செய்யச் சொன்னோம். 'நோ டயல்டோன்' என்றது மோடம். அதே லைனில் ஒரு சாதா போனை மாட்டி ரிசீவரை எடுத்தால் டோன் கணீரென்று கேட்கிறது. நண்பன், "மோடம் அவுட்டுடா, வேற வாங்கணும்" என்று சொல்லிவிட்டான். காரணம் வேறு. இந்த மோடம் தேடுவது பொது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கொடுக்கிற, இடைவிடாத டயல் டோனை. நம் ஆபீஸ் இன்டர்காம் பெட்டி கொடுப்பதோ விட்டு விட்டு ஒலிக்கிற ஒரு டோன். நம் காதுக்கு இரண்டும் டோன்தான். மோடத்துக்கு அது ஏதோ வேற்று பாஷை. 'ஏ.டி. எக்ஸ்3' என்று கொடுத்தால், "டோனுக்காகக் காத்திருக்காதே, கண்ணை மூடிக்கொண்டு டயல் செய், ஆனால் எதிர்முனை பிசியாக இருந்தால் மட்டும் சொல்" என்று அர்த்தம். கொடுத்தோம். டயல் ஆயிற்று! புது மோடம் வாங்கும் செலவு ஒரே வரியில் மிச்சம். இன்டர்காமிலிருந்து வெளி லைனுக்கு 0 போட்டு டயல் செய்வதானால் 0-க்குப் பிறகு ஒரு கமா போடுங்கள். ஒரு கமாவுக்கு மோடம் இரண்டு விநாடி நிற்கும். அதற்குள் வெளி டோன் வந்துவிடும்.

மோடத்தின் சத்தம் பலருக்கு எரிச்சல். ஸ்பீக்கரை அணைக்க 'எம்0' என்று ஒரு கட்டளை இருக்கிறது. பிரச்சினை தீரும் வரை தயவுசெய்து அணைக்காதீர்கள்! டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப் மாதிரி அது. டயல் சத்தம் கேட்டு, மணி அடித்துக்கொண்டே இருந்தால் எதிர்முனை எடுக்கவில்லை. அங்கே போய் ஆட்டோ ஆன்சர் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எடுத்தவுடன் 'கீ...' என்று ஒரே சீராகக் கேட்பது 2,100 ஹெர்ட்ஸ் பதில் டோன். லைனில் எதிரொலியை அடக்க வைத்திருக்கும் கருவிகளை ஒதுங்கி நிற்கச் சொல்வதும் அதன் வேலை. அதன் பிறகு வரும் கரகரப்பில் இரண்டு மோடங்களும் லைனின் தரத்தை அளக்கின்றன. கரகரப்பு திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தால் லைனில் இரைச்சல் என்று அர்த்தம். அதே லைனில் பேரலலாக இன்னொரு போன் மாட்டியிருக்கிறதா என்று தேடுங்கள்.

"56 கே மோடம்னு போட்டிருக்கு, 31,200 தானே வருது?" என்று ஜூனியர் தம்பி ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. 1998-ல் வந்த வி.90 தரத்தில் 56 கே கிடைக்க வேண்டுமானால் ஒரு முனை டிஜிட்டலாக எக்ஸ்சேஞ்சோடு இணைந்திருக்க வேண்டும். இன்டர்நெட் கம்பெனிகள் அப்படித்தான் வைத்திருந்தன. இரண்டு பக்கமும் நம்மைப் போல சாதா மோடம் என்றால் 33,600-தான் உச்சம். 31,200-ல் ஒரு மெகாபைட் ஃபைல் போக நாலரை நிமிடம் ஆகும். ஒரு வாட்ஸ்அப் போட்டோ எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில் எங்களை இரண்டு நாள் அலைக்கழித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மோடங்கள் பேசிக்கொண்டே இருக்கும்போது, முடிகிற தறுவாயில், டக்கென்று போன் வைக்கப்படும். சில சமயம் கனெக்ட் ஆகும், பல சமயம் ஆகாது. இப்படி 'சில சமயம்' வருகிற கோளாறுதான் எல்லாவற்றிலும் கொடுமை. லைனைச் சந்தேகப்பட்டோம், மோடத்தைச் சந்தேகப்பட்டோம். கையில் வாட்சை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தபோது, கட்டாவது ஒவ்வொரு முறையும் முப்பதாவது விநாடியில்! மனிதர் யாரோ கடிகாரம் பார்த்து வைப்பது போல. லைன் இரைச்சலுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது; ஆகவே இது ரவுட்டரின் வேலை. கேரியர் வரக் காத்திருக்கும் நேரம் என்று ரவுட்டரில் ஒரு கணக்கு உண்டு. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 30 விநாடி. மோடங்களுக்கு 28 விநாடியில் முடிந்தால் பிழைத்தது, 32 ஆனால் செத்தது. அதை 60 ஆக்கினோம். சாட் ஸ்கிரிப்டில் கனெக்ட் என்ற சொல்லுக்காகக் காத்திருக்கும் டைம்அவுட்டையும் 60 ஆக்கினோம். கோளாறு போன இடம் தெரியவில்லை.

இனி பி.பி.பி. 'டிபக் பி.பி.பி. நெகோஷியேஷன்' என்று போட்டால் திரை நிரம்பி வழியும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் 'ஐ' அல்லது 'ஓ' என்று ஓர் எழுத்து இருக்கும். ஐ என்றால் உள்ளே வந்தது, ஓ என்றால் நாம் வெளியே அனுப்பியது. முதல் பார்வைக்கு இது போதும். ஓ மட்டுமே வரிசையாக வந்து, ஐ ஒன்றுகூட இல்லையென்றால் நாம் கத்துகிறோம், அங்கே யாரும் பி.பி.பி.யில் பதில் சொல்லவில்லை. எதிர் ரவுட்டர் போனை எடுத்துவிட்டு "யூசர் நேம்?" என்று மனிதனிடம் கேட்பது போல் கேட்டுக்கொண்டு நிற்கலாம். அங்கே 'அசிங்க் மோட் டெடிகேட்டட்' என்று போட்டால் போன் வந்தவுடன் பி.பி.பி.யில்தான் பேசும். இரண்டு பக்கமும் கேட்டு, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் எல்.சி.பி. 'ஓப்பன்' என்று ஒரு வரி வரும். அந்த வரியைப் பார்த்துவிட்டால் கேபிள், மோடம், லைன் பற்றிய கவலையை மூட்டை கட்டி வைத்துவிடலாம்.

அடுத்தது விசாரணை. பாப், சாப் என்று இரண்டு முறை. பாப் முறையில் பாஸ்வேர்டு அப்படியே லைனில் போகும், வழியில் ஒட்டுக்கேட்டால் போச்சு. சாப் முறையில் பாஸ்வேர்டு லைனில் போகவே போகாது. எதிராளி ஒரு புது எண்ணைக் கொடுப்பார். அதையும் நம்மிடம் இருக்கும் ரகசியத்தையும் சேர்த்து எம்.டி.5 கணக்குப் போட்டு விடையை மட்டும் சொல்ல வேண்டும். அவரும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுவார். அந்த முறையை வகுத்த ஆவணத்தின் எண் ஆர்.எஃப்.சி. 1994, அது வெளிவந்ததோ 1996-ல். வைவாவில் யாரையாவது குழப்ப உதவும்.

சாப் தவறும்போது டிபக் இரண்டு விதமாகச் சொல்லும். பெயரே கிடைக்கவில்லை என்பது ஒன்று. கணக்கின் விடை ஒத்துவரவில்லை, 'எம்.டி. டி.இ.எஸ். கம்பேர் ஃபெயில்டு', என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் ராத்திரி தூக்கம் போகும். எங்கள் ரவுட்டர்களின் பெயர் சேலம், ஈரோடு. சேலத்தில் 'ஈரோடு' என்ற பெயரில் யூசர் இருக்க வேண்டும், ஈரோட்டில் 'சேலம்' என்ற பெயரில். இரண்டிலும் ஒரே பாஸ்வேர்டு. ஒரு நாள் மதியம் வேறு பேட்ச் வந்து ஈரோட்டின் ஹோஸ்ட்நேமை 'ஆர்2' என்று மாற்றிவிட்டுப் போயிருந்தது. சாயந்திரம் சேலம், "ஆர்2-ஆ? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே" என்று போனை வைத்துவிட்டது. இது முதல் வகை. இரண்டாம் வகைக்குக் காரணம் பெரும்பாலும் பாஸ்வேர்டின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பேஸ். நோட்பேடிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் அதுவும் கூடவே வரும், அதையும் ரவுட்டர் பாஸ்வேர்டாகவே எண்ணிக்கொள்ளும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அழித்துவிட்டு கையால் அடியுங்கள்.

சாப் தாண்டி, ஐ.பி.சி.பி.யும் 'ஓப்பன்' ஆன பிறகு பிங் போகவில்லை என்றால் அது டயல்-அப் பிரச்சினையே அல்ல, ரூட் பிரச்சினை. போக ரூட் இருக்கும், திரும்பி வர எதிர் ரவுட்டரில் இருக்காது. அதை நம் மூன்றாம் ஆண்டுப் புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கனெக்‌ஷன் வராமல் போவதைப் பற்றியே பேசிவிட்டோம். கனெக்‌ஷன் போகாமல் நிற்பதும் ஒரு கோளாறுதான். அதைச் சொன்னவர் எங்கள் லேப் சார். 2001-ல் அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஜூனியர் டெக்னீஷியன். கல்யாணமாகி ஆறு மாதம். சென்னை ஆபீஸுக்கு ஆர்டர் விவரம் அனுப்ப இரண்டு பக்கமும் ரவுட்டரும் மோடமும் வைத்து எஸ்.டி.டி.யில் டயல் செய்யும்படி அமைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் பேசினால் அதிகம் என்பது கணக்கு. மாதக் கடைசியில் வந்த டெலிபோன் பில்லைப் பார்த்து முதலாளி மயங்கி விழாத குறை. "ராத்திரி ஷிஃப்ட்ல உக்காந்து இன்டர்நெட் பார்த்திருக்கான்" என்று மேனேஜர் சார் பெயரைச் சொல்லிவிட்டார். சம்பளத்தில் பிடிக்கப் போவதாகப் பேச்சு. பிடித்தால் எத்தனை மாதச் சம்பளம் போகும் என்று சார் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்; வீட்டில் சொல்லவில்லை.

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு, ஒரு கம்ப்யூட்டர்கூட ஓடாத நேரத்தில், மேனேஜரையே கையோடு கூட்டிக்கொண்டு போய் மோடத்தைக் காட்டினார். கேரியர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது! 'ஷோ டயலர்' என்று அடித்தார். அதில் டயல் செய்த காரணம் என்று ஒரு வரி வரும். எந்த விலாசத்திலிருந்து எந்த விலாசத்துக்குப் போன பாக்கெட்டால் போன் போடப்பட்டது என்று அது சொல்லும். போக வேண்டிய விலாசம் 255.255.255.255 என்று இருந்தது. எல்லாருக்கும் பொதுவான பிராட்காஸ்ட் விலாசம் அது. அனுப்பியதும் ஓர் ஆள் அல்ல, ரவுட்டரேதான். ரிப் என்ற ரூட்டிங் முறை 30 விநாடிக்கு ஒரு தடவை தன் ரூட் பட்டியலை எல்லாருக்கும் இப்படிக் கூவிச் சொல்லும். ரவுட்டரோ 120 விநாடி யாரும் பேசாவிட்டால்தான் போனை வைக்கும். 30 விநாடிக்கு ஒரு கூவல் இருக்கும்போது 120 விநாடி மௌனம் எப்படி வரும்? மாதம் முழுக்க இரண்டு ரவுட்டர்களும் ராப்பகலாக எஸ்.டி.டி.யில் ஊர்க்கதை பேசியிருக்கின்றன. ஐ.பி. என்றால் எதற்கு வேண்டுமானாலும் டயல் செய் என்று டயலர் லிஸ்ட் எழுதியது அமைத்துக் கொடுத்த கான்ட்ராக்டர்.

சார் அங்கேயே ஓர் ஆக்சஸ் லிஸ்ட் எழுதினார். முதல் வரியில் ரிப்புக்காக டயல் செய்யாதே, அடுத்த வரியில் மற்ற ஐ.பி.க்கெல்லாம் செய். இரண்டு பக்கமும் ஸ்டாட்டிக் ரூட் போட்டு, டயலர் மேப்பில் இருந்த பிராட்காஸ்ட் என்ற சொல்லையும் எடுத்தார். இரண்டு நிமிடம் கழித்து விளக்கு அணைந்தது. மேனேஜர் ஒன்றும் பேசாமல் டீ வாங்கிக் கொடுத்தாராம். சம்பளத்தில் பிடிக்கவில்லை. இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள்: டயலர் லிஸ்ட் பாக்கெட்டைத் தடுப்பதில்லை. வேறு காரணத்துக்காக லைன் திறந்திருந்தால் பட்டியலில் இல்லாத பாக்கெட்டும் போகும். ஆனால் அதற்காகப் புதிதாக டயல் செய்யாது, வைக்கும் நேரத்தையும் தள்ளிப் போடாது. இன்டர்வியூவில் இதைத் தெளிவாகச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார் என்பது சாரின் அனுபவம்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. நம் ஊரில் பல வீடுகளில் ஃபைபர் இணைப்பு யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்கிறதே, அது பி.பி.பி.ஓ.இ. 1999-ல் வகுத்த முறை. அதற்குள் ஓடுவது இதே எல்.சி.பி., இதே சாப் அல்லது பாப், இதே ஐ.பி.சி.பி. போன மாதம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "தம்பி, நெட் வரலப்பா, பெட்டியையே மாத்தணுமாம்" என்று கூப்பிட்டார். பெட்டியின் லாக் பக்கத்தைத் திறந்தால் எல்.சி.பி. ஓப்பன், ஆதென்டிகேஷன் ஃபெயில்டு என்று இருந்தது. ஃபைபர் சரி, பெட்டி சரி, பாஸ்வேர்டுதான் தகராறு. கஸ்டமர் கேரில் பேசி பாஸ்வேர்டை மாற்ற பத்து நிமிடம் ஆயிற்று. பெட்டி வாங்கவில்லை. எனக்கு முறுக்கு கிடைத்தது.

சேலமும் ஈரோடும் இப்போது பேசிக்கொள்கின்றன. கண்டம் பட்டியலிலிருந்து சார் பெயரை அடித்துவிட்டார். எனக்குப் பரீட்சை மே மாதம். ஜூனியர் தம்பி தங்கைகள் யாராவது தொடர விரும்பினால், மோடம் அடாப்டர் இரண்டும் இரண்டாவது அலமாரியில் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. டெர்மினல் அடாப்டர்களில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன், அவற்றைத் தொடாதீர்கள். ஸ்டாஃப் ரூம் எக்ஸ்டென்ஷனில் மோடம் மாட்டும்போது சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் மாட்டுங்கள். பகலில் மாட்டியிருந்த ஒரு நாள் ஹெச்.ஓ.டி. சார் அந்த நம்பருக்குப் போன் போட, மோடம் முதல் மணியிலேயே எடுத்து அவர் காதில் 2,100 ஹெர்ட்ஸில் கத்திவிட்டது.